ஐந்து பேர் பெஞ்சில் ஒருத்தி தனியாக: மின்நூல் வகுப்புக்கு என் செய்முறை

அமீபா நகர்கிற வீடியோவைப் பற்றி நான்கு பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதே பெஞ்சில் ஐந்தாவதாக உட்கார்ந்திருந்தவளும் சிரித்தாள். ஆனால் அரை விநாடி பிந்தி. மற்ற நால்வரின் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் சிரிப்பு வந்தது.

நான் திருப்பூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். முந்தின நாள் நுண்ணுயிரிகள் பாடத்தைத் தொடங்கி, “புத்தகத்தில் இருக்கிற கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி வீட்டில் வீடியோ பார்த்துட்டு வாங்க” என்று சொல்லி அனுப்பியிருந்தேன். காலையில் கேட்டபோது 37 பேரில் 32 பேர் கை தூக்கினார்கள். அவளும் தூக்கினாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அவள் வீடியோவைப் பார்க்கவே இல்லை.

அவள் வீட்டில் இருப்பது ஒரே செல்போன். அது அம்மாவோடு பனியன் கம்பெனிக்குப் போகிறது. அம்மாவுக்கு ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்கு முடிந்து, பஸ் பிடித்து வீடு வர ஒன்பதேகால். வந்ததும் போனில் சார்ஜும் இருக்காது, நெட்டும் தீர்ந்திருக்கும். மற்ற நால்வரும் ஆளுக்கொரு போனில் இரவெல்லாம் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறார்கள். பெஞ்சில் ஐந்து பேர், குரூப்பில் நான்கு பேர்.

சிநேகிதமே இல்லாத பிள்ளையை யாரும் கண்டுபிடித்துவிடலாம். மைதானத்தில் சுவரோரம் நிற்கும், டிபன் பாக்ஸைத் தனியாகத் திறக்கும். கூட்டத்தின் நடுவில் தோளில் கை போட்டபடி தனியாக இருக்கிற பிள்ளையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அவளை அந்த நிலைக்குத் தள்ளியதில் என் வீட்டுப்பாடத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் மின்நூலை வகுப்பில் பயன்படுத்தும் விதத்தையே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். இந்த வருடம் செய்து பார்த்ததை, சறுக்கியதையும் சேர்த்து, மற்ற டீச்சர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் இரண்டு துண்டுச் சீட்டு

எதையும் மாற்றுவதற்கு முன்னால் இரண்டு கணக்கெடுப்பு வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். பிள்ளைகள் விவரமானவர்கள், முடிச்சுப் போட்டுவிடுவார்கள்.

முதல் சீட்டு போனைப் பற்றியது. “வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்று எழுதுவார்கள். அந்தப் பதிலால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நான் கேட்பவை: போன் யாருடையது? எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும்? வரும்போது நெட் மிச்சம் இருக்குமா? படம் பார்க்கும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்? என் வகுப்பில் பகலெல்லாம் போன் வீட்டில் இருப்பது 11 பேருக்கு. 21 பேருக்கு ராத்திரிதான் வரும். 5 வீட்டில் ஸ்மார்ட்போனே கிடையாது. 32 கை தூக்கிய நாளோடு இதை ஒட்டிப் பார்த்தால், அன்றைக்கு எத்தனை பேர் மானத்துக்குப் பயந்து கை தூக்கியிருப்பார்கள் என்று தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது சீட்டை ஒரு வாரம் கழித்துக் கொடுங்கள். “அடுத்த செயல்பாட்டுக்கு யார் யாரோடு குழுவில் இருக்க ஆசை? மூன்று பெயர் எழுது.” அவ்வளவுதான். யாரைப் பிடிக்காது என்ற கேள்வியை எந்தக் காரணத்துக்காகவும் கேட்கக்கூடாது. இது என் சொந்தச் சரக்கு இல்லை. ஜேக்கப் மொரேனோ என்ற மனநல மருத்துவர் 1934-லேயே இப்படி உறவுப் படம் வரைகிற முறையைப் புத்தகமாக எழுதியிருக்கிறார். பி.எட். படித்தவர்கள் சமூகமிதி என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருப்போம். செய்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் 37 வட்டம் போட்டு, யார் யாரை எழுதினார்களோ அவர்களை நோக்கி அம்புக்குறி வரைந்தேன். ஒரு மணி நேர வேலை. கபடி விளையாடும் ஒரு பையனை நோக்கி ஒன்பது அம்பு. அரை விநாடி பிந்திச் சிரித்த நம் பெண்ணிடமிருந்து மூன்று அம்பு வெளியே போயிருந்தது, மூன்றும் அதே பெஞ்சுக்குள். திரும்பி வந்தது ஒன்றுகூட இல்லை. அந்த நால்வரும் தங்களுக்குள்ளேயே மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். அம்பு வராத வட்டத்தைத் தேடுவதோடு நிறுத்திவிடாமல், அந்த வட்டத்திலிருந்து வெளியே போகிற அம்புகள் எங்கே போகின்றன என்றும் பாருங்கள். நட்பு என்று நாம் வெளியிலிருந்து நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் இருப்பது எப்படிப்பட்ட உறவு என்பது அங்கேதான் தெரியும்.

அந்தத் தாளை வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். ஸ்டாஃப் ரூம் மேசையில் விட்டுவிட்டுப் போகக்கூடாது.

இங்கேதான் நான் முதல் தப்பைச் செய்தேன். அவள் எழுதியிருந்த அதே மூவரோடு அடுத்த நாளே அவளைக் குழுவில் போட்டேன். நல்லது செய்கிறேன் என்ற நினைப்பு. பத்து நிமிடத்தில் ஒருத்தி எழுந்து, “மிஸ், நீங்க சொன்னீங்கன்னுதான் சேர்த்துக்கிட்டோம், இவளுக்கு ஒண்ணும் தெரியலை” என்றாள். இவள் தலையைக் குனிந்து பென்சில் சீவ ஆரம்பித்தாள். ஏற்கெனவே கூராக இருந்த பென்சில். அம்பு எங்கே போகிறதோ அங்கேயே கொண்டுபோய்த் தள்ளுவது உதவி ஆகாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

வீடியோவை வீட்டுக்கு அனுப்பாதீர்கள், வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்

நம் புத்தகங்களில் கியூஆர் கோடு வந்தது 2018-ல், புதுப் பாடத்திட்டத்தோடு. முதலில் 1, 6, 9, 11 வகுப்புகளுக்கு, மறுவருடம் மற்ற வகுப்புகளுக்கு. பொருளடக்கப் பக்கத்தின் அடியில் மின்நூல், மதிப்பீடு, இணைய வளங்கள் என்று மூன்று குறியீடு அச்சிட்டிருப்பார்கள். பாதிப் பேர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. பாடத்துக்குள் இருக்கும் கோடுகளை ஸ்கேன் செய்தால், பள்ளிப் பாடங்களுக்காக மத்திய அரசு நடத்துகிற திக்‌ஷா தளத்துக்குப் போகும். 2023-லிருந்து நம் பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியும் இருக்கிறது. சரக்குக்குக் குறைச்சல் இல்லை. அது யார் கைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருகிறது என்பதில்தான் சிக்கல்.

அதனால் “வீட்டில் பார்த்துட்டு வா” என்பதை நான் அடியோடு நிறுத்திவிட்டேன். பார்க்க வேண்டியது எதுவானாலும் பள்ளியில், எல்லாரும் இருக்கும்போது. அதற்கு முந்தின நாள் ராத்திரி நாம் அரை மணி நேரம் வேலை செய்ய வேண்டும்.

திக்‌ஷா செயலியில் மாநிலம், தமிழ் வழி, வகுப்பு மூன்றையும் தேர்ந்தெடுத்துவிட்டு கோடை ஸ்கேன் செய்யுங்கள். கோடு தண்ணீர் பட்டு அழிந்திருந்தாலோ, அச்சு மங்கியிருந்தாலோ அதன் அடியில் இருக்கும் ஆறு எழுத்தை செயலியின் தேடல் பெட்டியில் தட்டினால் போதும், அதே இடத்துக்குப் போய்விடும். வீடியோவுக்குப் பக்கத்தில் இருக்கும் டவுன்லோட் குறியைத் தட்டி இறக்கிக்கொண்டால் மறுநாள் நெட் இல்லாமலே ஓடும். போனை ஃபிளைட் மோடில் போட்டு, இறக்கியதை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வகுப்பில் 37 பேருக்கு முன்னால் வட்டம் சுற்றிக்கொண்டு நிற்பதைப் போல அவமானம் வேறில்லை. அதைவிட முக்கியம், அந்த இடைவெளியில்தான் கடைசி பெஞ்ச் தன் வேலையைத் தொடங்கும்.

முழுப் புத்தகத்தின் பிடிஎஃப்பை லேப் கணினியில் போட்டுத் திறக்க வைப்பதும் வேண்டாம். பழைய கணினி மூச்சு வாங்கும். பிடிஎஃப்பைத் திறந்து, பிரிண்ட் கொடுத்து, பிரிண்டர் பெயர் இருக்கிற இடத்தில் ‘பிடிஎஃப் ஆகச் சேமி’ என்பதைத் தேர்ந்தெடுத்து, பக்க எண்ணில் வேண்டிய நான்கு பக்கத்தை மட்டும் போட்டால் குட்டிக் கோப்பு ஒன்று கிடைக்கும். பாடத்துக்கு ஒரு பென்டிரைவ் ஃபோல்டர் என்று வைத்துக்கொண்டால் அடுத்த வருடத்துக்கும் ஆகும்.

வாட்ஸ்அப் பெற்றோர் குழுவில் நான் இப்போது வீடியோ லிங்க் போட்டாலும் வகுப்பில் காட்டிய பிறகுதான் போடுகிறேன், திரும்பப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக. “பார்த்தவர்கள் கட்டைவிரல் போடவும்” என்று மட்டும் எழுதாதீர்கள். கட்டைவிரல் போடாத வீடு எது என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

மூன்று பேருக்கு ஒரு திரை

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அச்சுப் புத்தகத்தில் ஒரு வசதி இருந்தது. ஒருத்தன் புத்தகத்தை மறந்துவிட்டு வந்தால் பக்கத்துப் பையனிடம் நகர்ந்து உட்கார்ந்தே ஆக வேண்டும். இருவர் முட்டியும் இடிக்கும், ஒரே பக்கத்தை இரண்டு தலை பார்க்கும். “திருப்பாதடா, நான் இன்னும் முடிக்கலை” என்று ஒரு சண்டை வரும். நான் தாராபுரத்தில் படித்த காலத்தில் என் முதல் சிநேகிதி அப்படித்தான் கிடைத்தாள், புத்தகத்துக்கு அட்டை போடக் கொடுத்திருந்த ஒரு வாரத்தில். திரைக்கு அந்தக் குணம் இல்லை. ஆளுக்கொரு திரை கொடுத்துவிட்டால் ஒவ்வொரு தலையும் அதனதன் திரையில் குனிந்துவிடும். வகுப்பு அமைதியாக இருக்கும். தலைமையாசிரியர் வராந்தாவில் போகும்போது மெச்சிக்கொண்டு போவார்.

ஆளுக்கொரு திரை என்ற கனவை நம்மைவிட வசதியான நாடுகளே யோசிக்க ஆரம்பித்துவிட்டன. சுவீடன் 2023-ல் பள்ளிகளுக்கு மறுபடியும் அச்சுப் புத்தகம் வாங்கப் பணம் ஒதுக்கியது. தென்கொரியா 2025 மார்ச்சில் செயற்கை நுண்ணறிவுப் பாடநூல்களைக் கொண்டுவந்து, அதே ஆகஸ்டில் அதற்குப் பாடநூல் என்ற தகுதியே வேண்டாம், துணைப் பொருளாக இருக்கட்டும் என்று நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டது. அவர்கள் காரணங்கள் வேறு, அதற்குள் நான் போகவில்லை. நம்மிடம் திரை குறைவாக இருப்பதைக் குறையாக நினைத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை என்பதற்காகச் சொன்னேன். 1999-ல் டில்லி கால்காஜியில் சுகதா மித்ரா என்ற ஆய்வாளர் தெருவோரச் சுவர் ஒன்றில் ஓட்டை போட்டு ஒரு கணினியை வைத்தார். தெருப் பிள்ளைகள் அதை வரிசையில் நின்று ஆளுக்குப் பத்து நிமிடம் என்று கற்றுக்கொள்ளவில்லை. முண்டியடித்துக்கொண்டு, ஒருத்தனுக்கு ஒருத்தன் கத்திச் சொல்லித்தான் கற்றுக்கொண்டார்கள்.

எங்கள் லேபில் ஓடுகிற கணினி 12. ஒரு திரைக்கு மூன்று பேர். இரண்டு பேர் என்றால் ஒருவர் ராஜா ஆகிவிடுவார். ஐந்து பேர் என்றால் பின்னால் இருக்கும் இருவருக்கு முன்னால் இருப்பவர்களின் எண்ணெய் தேய்த்த தலை மட்டும்தான் தெரியும்.

மூன்று பேரை உட்கார வைத்தால் மட்டும் போதாது. மௌஸ் யார் கையில் இருக்கிறதோ அவருடைய வகுப்பாகிவிடும் அது. அதற்கு நான் வைத்திருக்கும் விதி: கை ஒருவர், வாய் ஒருவர், பேனா ஒருவர். ‘கை’ மௌஸைப் பிடிக்கும், ஆனால் தானாக எதையும் அழுத்தக்கூடாது. ‘வாய்’ சொல்வதை மட்டும் செய்ய வேண்டும். ‘வாய்’ திரையில் இருப்பதை வாசிக்கும், எதை அழுத்துவது என்று சொல்லும், ஆனால் மௌஸைத் தொடக்கூடாது. ‘பேனா’ நோட்டில் எழுதும், படம் வரையும். புரியவில்லை என்றால் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் பேனாவுக்கு மட்டும். 7 நிமிடத்துக்கு ஒருமுறை மூவரும் இடம் மாற வேண்டும். 40 நிமிடப் பாடவேளையில் உட்கார, எழுந்திருக்கக் கழித்தால் ஆளுக்கு ஒரு சுற்றும், கடைசியில் பேச ஒரு பத்து நிமிடமும் கிடைக்கும்.

முதல் வாரம் நாராசமாக இருக்கும். கை சும்மா இருக்காது. வாய்க்கு “மேலே... இல்லை இல்லை, கீழே... அந்த மூலையில்” என்பதைத் தாண்டி வராது. இரண்டாம் வாரம் தானாக “வலது பக்கத்தில் பச்சையாக ஒரு பொத்தான் இருக்கு பார், அதை அழுத்து” என்று மாறும். தமிழ் டீச்சர் என்னிடம் வந்து, “பசங்க வர்ணிச்சுப் பேசறாங்க, என்ன பண்ணினீங்க?” என்று கேட்டார்.

ஹெட்போன் இருந்தால் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். 12 கணினியும் ஒரே நேரத்தில் கத்தினால் சந்தைக்கடை ஆகிவிடும் என்பது உண்மைதான். ஒலியைக் குறைத்து வைத்தால், மூன்று தலையும் கேட்பதற்காகவே நெருங்கும். எனக்கு வேண்டியது அதுதான்.

இப்போது 37-ஐ மூன்றால் வகுத்துப் பாருங்கள். 12 முறை போக மீதி ஒன்று. அந்த மீதி ஆளை ஏதாவது ஒரு திரையில் நான்காவதாகச் சொருகிவிடுவதுதான் வழக்கம். யாரைச் சொருகுவோம்? யாரும் கேட்காத பிள்ளையைத்தான். நான் மீதி ஆளின் கையில் என் கைக்கடிகாரத்தையும் பி.இ.டி. சாரின் பழைய விசிலையும் கொடுத்துவிடுவேன். 7 நிமிடத்துக்கு ஒரு விசில். அவர்தான் அன்றைக்கு நடுவர், எந்தத் திரைக்கும் போய் எட்டிப் பார்க்கலாம், விதியை மீறினால் ஒரு நிமிடம் அபராதம் போடலாம். இப்போது மீதி ஆளாக இருப்பதற்கு அடிதடி. வரிசை எண் படி மாறி மாறி வரும் என்பதால் யாரும் என்னைத் திட்ட முடியாது.

ஆளுக்கொரு துண்டு

மீண்டும் நுண்ணுயிரிகளுக்கு வருகிறேன். வைரஸ், பாக்டீரியா, பூஞ்சை, பாசி, புரோட்டோசோவா என்று ஐந்து பிரிவாகப் பாடம் அமைந்திருப்பது நம் அதிர்ஷ்டம்.

1971-ல் அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்துப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் புதிதாக ஒரே வகுப்பில் சேர்த்தபோது சண்டையும் சச்சரவுமாக இருந்திருக்கிறது. எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் பாடத்தைத் துண்டு துண்டாக வெட்டி, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார். மற்றவன் வாயைத் திறந்தால்தான் தன் பாடம் முழுசாகும். கேலி செய்தால் நஷ்டம் தனக்குத்தான். இதை மின்நூலோடு சேர்த்தால் அருமையாகப் பொருந்துகிறது.

முதலில் ஐந்து ஐந்து பேராக ஏழு குழு. மீதி இரண்டு பேரை இரண்டு குழுவில் ஆறாவதாகச் சேருங்கள். குழுவுக்குள் ஆளுக்கொரு தலைப்பு, ஆறு பேர் இருக்கும் குழுவில் ஒரு தலைப்பை இருவர் பகிர்ந்துகொள்வார்கள். அப்புறம் குழுவைக் கலைத்து, வைரஸ்காரர்கள் எல்லாம் ஒரு பக்கம், பாக்டீரியாக்காரர்கள் ஒரு பக்கம் என்று திரைக்குப் போக வேண்டும். எட்டுப் பேர் இருக்கும் தலைப்புக்கு மூன்று திரை, ஏழு பேர் இருக்கும் தலைப்புக்கு இரண்டு திரை. கூட்டிப் பாருங்கள், சரியாக 12 வரும். அன்றைக்கு மட்டும் சில திரைகளில் நான்கு பேர் இருப்பார்கள், பரவாயில்லை. தங்கள் தலைப்புக்கு உண்டான வீடியோவையும் பக்கங்களையும் மட்டும் பார்ப்பார்கள். அடுத்த பாடவேளையில் பழைய குழுவுக்குத் திரும்பி வந்து, திரை இல்லாமல், வாயாலும் கையாலும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தலைப்பைக் குலுக்கல் முறையில் கொடுப்பதுபோலத் தெரிய வேண்டும். உண்மையில் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். நம் பெண்ணுக்கு நான் புரோட்டோசோவாவைக் கொடுத்தேன். அவள் பார்க்காமல் விட்டுப்போன அதே அமீபா. அவளைப் பழைய பெஞ்சின் நால்வரிடமிருந்து பிரித்து, அவளைப் பற்றி முன்முடிவு எதுவும் இல்லாத ஒரு குழுவில் வைத்தேன்.

மறுநாள் அவர்கள் குழுவுக்குப் பக்கத்தில், நோட்டுத் திருத்துவதுபோல நின்றுகொண்டிருந்தேன். அவள் உள்ளங்கையை மேசையில் கவிழ்த்து வைத்தாள். “இதுதான் அமீபா. இதுக்குக் கால் கிடையாது. போகணும்னா...” என்று சுண்டுவிரலை மெதுவாக நீட்டி, உள்ளங்கையின் மீதியை அந்த விரலை நோக்கி இழுத்துக்கொண்டு போனாள். “கால் மாதிரி ஒண்ணு நீட்டிக்கும். போன அப்புறம் அது கால் இல்லை. போலிக்கால்.” எதிரில் இருந்த பையன் தன் கையையும் கவிழ்த்து வைத்து நகர்த்திப் பார்த்தான். ஐந்து அமீபா மேசையில் ஊர்ந்தன. யாரும் அரை விநாடி பிந்திச் சிரிக்கவில்லை.

வீடியோவில் இல்லாததைப் பிள்ளைகளிடம் வாங்குங்கள்

மணற்கேணி என்ற பெயர் குறளிலிருந்து வந்தது என்று எல்லாருக்கும் தெரியும், தொட்டனைத் தூறும் மணற்கேணி. அமராவதி ஆற்றில் கோடையில் ஊற்றுத் தோண்டியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். தனியாகத் தோண்டினால் பக்கத்து மணல் சரிந்து குழி மூடிக்கொண்டே இருக்கும். ஒருத்தர் அணை கட்டிப் பிடிக்க, ஒருத்தர் தோண்ட வேண்டும். செயலிக்குப் பெயர் வைத்தவர் இதையும் நினைத்தாரோ என்னவோ.

மின்நூலில் இருக்கும் வீடியோ எங்கேயோ எடுத்தது. எங்கள் ஊர் அதில் இல்லை. ஒலியியல் பாடம் வந்தபோது, வீடியோவை ஓட்டிவிட்டு, “இந்த ஊர்ச் சத்தம் ஏதாவது பத்து விநாடி பதிவு பண்ணிக் கொண்டு வாங்க, யார் போனிலாவது, ஞாயிற்றுக்கிழமைக்குள்” என்றேன். எட்டு பேர்தான் கொண்டுவந்தார்கள். கோயில் மணி, சேவல், பஸ் ஹாரன். நம் பெண் அம்மாவின் போனில் இரண்டு பதிவு கொண்டுவந்தாள். இரண்டுமே தையல் மெஷின். வகுப்பில் ஓட்டினால் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. “முதல்ல வந்தது ஓவர்லாக் மிஸ். ரெண்டாவது பேட்லாக்” என்றாள். கண்ணை மூடச் சொல்லி மாற்றி மாற்றி ஓட்டினேன். ஆறு முறையும் சரியாகச் சொன்னாள். வகுப்பில் பாதிப் பேரின் அப்பா அம்மா பனியன் கம்பெனிதான். ஆனாலும் காதை இப்படித் தீட்டி வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். விடுமுறை நாளில் அம்மாவோடு தையல் மெஷின் ஓடுகிற பவர்டேபிளில் உட்கார்ந்திருப்பாளாம். அப்புறம் என் போனில் ஃபைபாக்ஸ் என்ற இலவசச் செயலியில் இரண்டு ஒலியின் அலையையும் வரைந்து காட்டினேன். ஜெர்மனியில் ஆஹன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது, போனின் மைக்கையே ஆய்வுக் கருவி ஆக்கிவிடும். இரண்டு கோலமும் வேறு வேறாக இருந்தன.

அந்தப் பதிவு இப்போது ஒலியியல் ஃபோல்டரில் இருக்கிறது. அடுத்த வருட எட்டாம் வகுப்பும் அதைக் கேட்கும்.

வேற்றுமொழிப் பிள்ளை இருந்தால்

திருப்பூரில் இது எல்லா வகுப்பிலும் உண்டு. என் வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன். தமிழ் நன்றாகவே பேசுவான், பாடத் தமிழ் ஏறாது. திக்‌ஷாவில் பல மொழிப் பாடங்கள் இருப்பதால், ஒரு கணினியை அவனுக்குத் தனியாகக் கொடுத்து ஒடியாவில் நுண்ணுயிரிகள் பார்க்க வைத்தேன். நல்ல டீச்சர் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். அவன் எல்லாவற்றையும் புரிந்துகொண்டான், மணி அடித்ததும் ஒருவரோடும் பேசாமல் எழுந்து போனான். அவனைத் தனித் தீவில் இறக்கிவிட்டு வந்தது நான்தான்.

இப்போது வேறு மாதிரி செய்கிறேன். பாடத்துக்கு முந்தின நாள் சாப்பாட்டு நேரத்தில் ஐந்து நிமிடம் அவன் மொழியில் காட்டிவிடுவேன். வகுப்பில் மூவரில் ஒருவனாகத் தமிழ்த் திரையின் முன்னால் உட்காருவான். அவனுக்குக் கூடுதலாக ஒரு வேலை, பாடத்தில் வரும் மூன்று சொல்லுக்கு ஒடியாச் சொல்லைப் பலகையில் தமிழ் எழுத்தில் எழுத வேண்டும். வைரஸுக்கு அவன் எழுதியது ‘பூதாணு’. வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. பூதம் போல் வந்து ஆட்டிப்படைக்கிற அணு, நம் சொல்லைவிடப் பொருத்தம் என்றுகூடத் தோன்றியது. ஒரு வாரத்துக்கு யார் தும்மினாலும் பூதாணு. அவனையே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்களோ என்று பயந்தேன். அப்படி ஆகியிருந்தால் உடனே நிறுத்தியிருப்பேன். நல்லவேளை, அந்தப் பட்டம் கபடிப் பையனுக்குப் போய்விட்டது, அவனுக்குத்தான் அந்த மாதம் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

இருக்கை மாற்றித் தீராதது

குழு மாற்றியும், சாப்பாட்டை அப்படியே திரும்பக் கொண்டுபோகிறாள், அடிக்கடி லீவு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் வேண்டாத வரிகள் என்று பார்த்தால் அது நம் பாட முறையைத் தாண்டிய விஷயம். வீட்டில் பேசுங்கள், தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் 14416. கல்வி வழிகாட்டிக்கு நம் மாநில எண் 14417. மூன்றையும் லேப் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன், கணினிக்கு வேகமாகப் பூட்டுப் போடுவது எப்படி என்ற குறிப்புக்குப் பக்கத்தில். தனியாக ஒட்டினால் அதன் முன்னால் நின்று குறித்துக்கொள்ளக் கூச்சப்படுவார்கள்.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்ததும் இரண்டாவது சீட்டை மறுபடி கொடுத்தேன். படம் வரைந்து பார்த்தால் பழைய நால்வரிடமிருந்து அவளுக்கு இப்போதும் ஓர் அம்பும் இல்லை. அவள் மட்டும் இன்னும் அவர்களில் இருவர் பெயரை எழுதியிருக்கிறாள். ஆனால் முதல் பெஞ்சில், அதிகம் பேசாத ஒருத்தி, நான் கணக்கிலேயே எடுக்காத பெண், தன் மூன்று பெயரில் முதல் பெயராக இவளை எழுதியிருக்கிறாள். அது இவளுக்குத் தெரியாது. நானும் சொல்லப் போவதில்லை. வரும் செவ்வாய் லேபில் இருவருக்கும் ஒரே திரை, முதல் சுற்றில் இவள் கை, அவள் வாய். பேனாவுக்கு யாரைப் போடுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.